மடை மாறிய ஒலி: 5.1 ஃபைலை மாற்றும்போது கோளாறு எங்கே நடக்கிறது?

போன கொடைத் திருவிழாவுக்கு, பக்கத்து ஊர் சுடலைமாடன் கோயிலில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டை ஆறு மைக் வைத்துப் பதிவு செய்தேன். நடுவில் புலவர், அவருக்கு முன்னால் வில். ஒரு பக்கம் குடம், இன்னொரு பக்கம் உடுக்கை, ஜால்ரா, கட்டை. பந்தலுக்குப் பின்னால், கூட்டத்துக்கு நடுவே இரண்டு மைக். சாமி வந்து ஆடும்போது பெண்கள் போடும் குலவை அந்த இரண்டில்தான் விழும். வீட்டில் சுற்றிலும் வைத்த சரவுண்ட் ஸ்பீக்கரில் போட்டால் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு மெனக்கெட்டேன்.

மறுநாள் ஆறு ஃபைலையும் ஒரு மென்பொருளில் கொடுத்து, ஒரே 5.1 ஃபைலாக, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கான ஒரே ஃபைலாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். புலவர் இடது ஓரத்திலிருந்து பாடினார். நடு ஸ்பீக்கரில் குடம் மட்டும் கும் கும் என்று அடித்தது. உடுக்கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. குலவை ஒரு பக்கம் மட்டும் கேட்டது, மறுபக்கத்தைக் காணவே இல்லை. மென்பொருள் எந்தப் பிழையும் காட்டவில்லை. வேலை நல்லபடியாக முடிந்தது என்றே சொன்னது.

சரவுண்ட் ஒலியை மாற்றுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பல கோளாறுகள் மென்பொருள் நின்றுபோவதால் வருவதில்லை. அது ஒழுங்காக ஓடி முடித்து, ஒலியைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுவதால் வருகின்றன. அதனால் பிழைச் செய்தியைத் தேடுவதைவிட, எந்த ஒலி எந்த வழியில் போனது என்று பார்க்கப் பழகுவதுதான் பயன் தரும்.

ஆறு கால்வாய்

ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் தனி ஒலி வழியைச் சேனல் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் நல்ல தமிழ் ஏற்கெனவே இருக்கிறது: கால்வாய். தாமிரபரணித் தண்ணீர் சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்தால் நெல்லைக் கால்வாய், அரியநாயகிபுரத்தில் பிரிந்தால் கோடகன் கால்வாய், பழவூரில் பிரிந்தால் பாளையங்கால்வாய். தண்ணீர் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். ஆனால் எந்தக் கால்வாயில் இறங்கியதோ அந்த வயலுக்குத்தான் அது போய்ச் சேரும். வழியில் மடையை மாற்றித் திறந்துவிட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடத்தான் செய்யும். ஆனால் நாற்று நட்ட வயல் காயும், அறுவடைக்கு நிற்கிற வயல் மூழ்கும்.

5.1 ஃபைல் என்பது அதுபோல ஆறு கால்வாய் கொண்டது. முன்னால் இடது, முன்னால் வலது, நடு, பின் இடது, பின் வலது என்று ஐந்து முழு ஒலிச் சேனல்கள். ஆறாவது, தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான எல்எஃப்இ சேனல். சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளை மட்டும் சுமப்பதால் அதை ஒரு முழுச் சேனலாக எண்ணாமல் ‘.1’ என்று எழுதுகிறார்கள். இது சப்வூஃபர் என்ற தாழ்ந்த ஒலி ஸ்பீக்கருக்குப் போகும். முன் ஸ்பீக்கர் இரண்டும் நடுவிலிருந்து 30 பாகை தள்ளி, பின் ஸ்பீக்கர் இரண்டும் 100 முதல் 120 பாகை தள்ளி இருக்க வேண்டும் என்று ஐடியூ என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை இருக்கிறது. அதாவது ‘பின்’ என்று சொன்னாலும், காதுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் என்பதுதான் சரி.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, வலமும் இடமும் இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த வலமும் இடமும் புலவரின் கையை வைத்துச் சொல்வது. ஸ்பீக்கரின் வலமும் இடமும் கேட்கிறவரின் கையை வைத்துச் சொல்வது. புலவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர், எதிரே உட்கார்ந்த நமக்கு இடப்பக்கம். ஆகவே அவருடைய குரல் இடது சேனலில்தான் வர வேண்டும். பதிவு செய்கிறபோதே மைக்கில் துண்டுச் சீட்டு ஒட்டி, ‘கேட்பவர் இடது’, ‘கேட்பவர் வலது’ என்று எழுதிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

வரிசை மாறினால்

இனி முக்கியமான விஷயம். ஆறு சேனலும் ஒரு ஃபைலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் எல்லோருக்கும் ஒரே வழக்கம் கிடையாது.

ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபைலும் இடது, வலது, நடு, எல்எஃப்இ, பின் இடது, பின் வலது என்று அடுக்கும். சினிமாக்காரர்கள் வழக்கம் இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, எல்எஃப்இ. டால்பி டிஜிட்டல் என்கிற ஏசி-3 உள்ளுக்குள்ளே அடுக்குவதும் இதே வரிசையில்தான். ஏஏசி என்ற ஒலி வகை இன்னொரு மாதிரி: நடு, இடது, வலது, பின் இடது, பின் வலது, எல்எஃப்இ. நல்ல மென்பொருள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தானாகவே வரிசையைத் திருத்திவிடும். ஆனால் பழைய கருவிகளும், தனித்தனி ஒலிகளைக் கையால் சேர்க்கும் வேலையும் இங்கேதான் சறுக்கும்.

ஸ்பீக்கரில் என்ன கேட்கிறது என்பதை வைத்தே எது எதாக மாறியது என்று கண்டுபிடித்துவிடலாம். சினிமா வரிசையில் அடுக்கிய ஃபைலை வேவ் வரிசை என்று நினைத்து மென்பொருள் படித்தால், இரண்டாவது இடத்தில் இருக்கும் நடுச் சேனல் வலது ஸ்பீக்கருக்குப் போகும். அதாவது பேச்சு முழுக்க வலப்பக்கம் கேட்கும். வலது பக்க இசை நடுவில் வரும். கடைசியில் இருக்கும் எல்எஃப்இ, பின் வலது ஸ்பீக்கரில் உறுமும். ஏஏசி வரிசையை வேவ் என்று நினைத்தால், முதலில் இருக்கும் நடுச் சேனல் இடது ஸ்பீக்கருக்குப் போய்ப் பேச்சு முழுக்க இடப்பக்கம் கேட்கும். இரண்டு நிலையிலும் பின் இடது சேனல் சப்வூஃபருக்குள் போய் மறைந்துவிடும். ஆக, பேச்சு வலப்பக்கம் என்றால் சினிமா வரிசை என்றும், இடப்பக்கம் என்றால் ஏஏசி வரிசை என்றும் முதலில் சந்தேகப்படலாம்.

என் வில்லுப்பாட்டில் நடந்தது மூன்றாவது வகை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது. தனித்தனி ஃபைல்களுக்கு ஆங்கில எழுத்துகளில் சுருக்கப் பெயர் வைத்திருந்தேன். இடதுக்கு எல், வலதுக்கு ஆர், நடுவுக்கு சி, தாழ்ந்த ஒலிக்கு எல்எஃப்இ, பின் இரண்டுக்கும் எல்எஸ், ஆர்எஸ். மென்பொருள் அவற்றை நான் தேர்ந்தெடுத்த வரிசையில் எடுக்கவில்லை. ஆங்கில அகர வரிசையில் எடுத்தது. அகர வரிசை என்றால் சி, எல், எல்எஃப்இ, எல்எஸ், ஆர், ஆர்எஸ். அதை வேவ் வரிசையின் மேல் வைத்துப் பாருங்கள். நடு போய் இடதில் உட்கார்ந்தது, இடது வலதில் உட்கார்ந்தது. குடத்தின் கும்கும் நடுவுக்கு வந்தது. பின் இடது குலவை சப்வூஃபருக்குள் போய் அமுங்கிவிட்டது. உடுக்கை இருந்த வலது, பின் இடதுக்குப் போனது. பின் வலது மட்டும் தற்செயலாகத் தன் இடத்திலேயே நின்றது. காதில் கேட்ட அத்தனைக்கும் காரணம் இந்த ஒரு வரிசைதான்.

தீர்வு எளிது. ஃபைல் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டுவிடுங்கள். 1 இடது, 2 வலது, 3 நடு, 4 எல்எஃப்இ, 5 பின் இடது, 6 பின் வலது. அப்புறம் அகர வரிசையில் எடுத்தாலும், தேர்ந்தெடுத்த வரிசையில் எடுத்தாலும் விடை ஒன்றுதான்.

ஆறு குரல் சோதனை

எந்த மென்பொருளை நம்புவதற்கும் முன்னால் நான் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. இதைப் படிக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சினிமாவையோ பாட்டையோ போட்டுச் சோதிக்காதீர்கள். அவற்றில் எது எங்கே வர வேண்டும் என்று உங்களுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்த ஒலியைக் கொடுங்கள்.

கைபேசியிலேயே உங்கள் குரலில் ‘இடது’, ‘வலது’, ‘நடு’, ‘பின் இடது’, ‘பின் வலது’ என்று ஐந்து தடவை பதிவு செய்துகொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஆறு மோனோ தடங்கள், அதாவது ஒற்றைச் சேனல் தடங்கள் போடுங்கள். முதல் தடத்தில் ‘இடது’ என்ற குரல் முதல் ஐந்து விநாடி மட்டும். இரண்டாவது தடத்தில் ‘வலது’ அடுத்த ஐந்து விநாடி. இப்படி ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேசக் கூடாது.

நான்காவது தடமான எல்எஃப்இ-யில் மட்டும் குரல் வைக்காதீர்கள். அதில் 120 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை, ஒலியைச் சுருக்கி எழுதும் என்கோடர்கள் பல வெட்டிவிடும். மனிதக் குரலின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. குரல் வைத்தால் ஒன்றுமே கேட்காமல் போய், கோளாறு என்று தவறாக நினைத்துவிடுவீர்கள். ஆடாசிட்டியில் டோன் உருவாக்கும் வசதி இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஐந்து விநாடி போட்டால் போதும்.

இப்போது திரையைப் பார்த்தால் ஒலியலைகள் இடது மேலிருந்து வலது கீழ் நோக்கி, குறுக்குத்துறைப் படித்துறையில் ஆற்றுக்கு இறங்குகிற படிகள் மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி வரும். இந்தப் படிக்கட்டுதான் சோதனையின் உயிர். இதை 5.1 ஃபைலாக வெளியே எடுத்து, நீங்கள் சோதிக்க நினைக்கும் மென்பொருளில் மாற்றி, வந்த ஃபைலைத் திரும்பவும் ஆடாசிட்டியில் திறந்து பாருங்கள். படிக்கட்டு அப்படியே இருந்தால் வரிசை சரி. ஒரு படி மேலேயும் ஒரு படி கீழேயும் தாண்டி விழுந்திருந்தால் அந்த இடத்தில் மடை மாறியிருக்கிறது. இரண்டே தடம்தான் இருக்கிறது என்றால் ஸ்டீரியோவாகச் சுருக்கிவிட்டது. ஒரு படியே இல்லை என்றால் ஒரு சேனல் தொலைந்துவிட்டது. வீட்டில் சரவுண்ட் ஸ்பீக்கர் இல்லாதவர்கூட வெறும் கண்ணால் கண்டுபிடித்துவிடலாம்.

ஆடாசிட்டியில் ஒரு எச்சரிக்கை. சும்மா ஏற்றுமதி செய்தால் அது எல்லாத் தடங்களையும் ஸ்டீரியோவாகக் கலந்துவிடக்கூடும். ஏற்றுமதிச் சாளரத்தில் மோனோ, ஸ்டீரியோ, கஸ்டம் மேப்பிங் என்று மூன்று இருக்கும். மூன்றாவதைத் தேர்ந்து, சேனல் எண்ணிக்கை ஆறு என்று வைத்து, தடம் ஒன்றுக்குச் சேனல் ஒன்று என்று இணைக்க வேண்டும். பழைய பதிப்பில் இந்த வசதி ப்ரிஃபரன்சஸ் பகுதிக்குள் இருக்கும். ஏசி-3, எம்4ஏ போன்றவற்றைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்று மென்பொருளின் நூலகத்தையும் தனியாக நிறுவ வேண்டும். அது இல்லாமல் ‘ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்று வந்தால் ஃபைலைக் குறை சொல்லாதீர்கள்.

பேச்சு மட்டும் கேட்கவில்லை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அண்ணாச்சி அடிக்கடி கூப்பிடுவார். “தம்பி, பாட்டு நல்லாத்தான் கேக்கு. பேசுறது மட்டும் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குடே.”

“அண்ணாச்சி, எத்தனை ஸ்பீக்கர்ல கேக்கீங்க?”

“டிவில உள்ள ரெண்டுதான்.”

இதற்குள் இரண்டு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். பேச்சு அடியோடு இல்லை என்றால், மாற்றிய மென்பொருள் ஆறில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டது என்று அர்த்தம். சினிமாவில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். இடது, வலது இரண்டிலும் இசையும் சுற்றுப்புறச் சத்தமும்தான் மிஞ்சும். இந்தக் கோளாறு சில சமயம் ஃபைலிலேயே இருக்காது. நடு ஸ்பீக்கரே இல்லாத வீட்டில் ஆம்ப்ளிஃபயரில் ‘நடு ஸ்பீக்கர் உண்டு’ என்று வைத்திருந்தாலும் இதே கதைதான். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

பேச்சு இருக்கிறது, ஆனால் சன்னமாக இருக்கிறது என்றால் அது கலவையின் கணக்கு. ஆறைச் சுருக்கி இரண்டாக்குவதை டவுன்மிக்ஸ் என்பார்கள். வழக்கமான கணக்கு இதுதான்: புது இடது என்பது பழைய இடது முழுசாக, அதோடு நடுவில் 0.707 பங்கு, பின் இடதில் 0.707 பங்கு. 0.707 என்றால் 3 டெசிபல் குறைவு. நடு இரண்டு பக்கமும் சேர்த்துப் போவதால் இந்தக் குறைப்பு. மூன்றையும் கூட்டினால் 2.414 வருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால் ஒலி கொள்ளளவைத் தாண்டிக் கரகரக்கும். அதைத் தவிர்க்க எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருள் பல சமயம் எல்லாவற்றையும் 2.414 ஆல் வகுத்துவிடுகிறது. அதனால் மொத்தச் சத்தமும் கிட்டத்தட்ட 7.7 டெசிபல் இறங்குகிறது. நடுச் சேனலுக்குக் கடைசியில் மிஞ்சும் பங்கு 0.293 தான். எல்எஃப்இ-யோ வழக்கமாகக் கலவைக்குள் வருவதே இல்லை.

அண்ணாச்சியின் குறைக்குக் காரணம் இப்போது புரிகிறதா? யாரும் எதையும் கெடுக்கவில்லை. பாதுகாப்பான கணக்கு, கேட்பதற்குச் சுகமில்லாத கணக்காக ஆகிவிட்டது. இதற்கு நான் செய்வது: கணக்கை மென்பொருளிடம் விடாமல், எந்தச் சேனல் எவ்வளவு என்று நானே சொல்கிறேன். நடுவுக்கு 0.5, இடது வலதுக்கு 0.35, பின்பக்கத்துக்கு 0.15. கூட்டினால் சரியாக 1, கரகரப்பு வராது. பேச்சு முன்னால் வந்து நிற்கும். எஃப்எஃப்எம்பெக்கில் ‘பேன்’ என்ற வடிகட்டி இதற்குத்தான் இருக்கிறது. பின்பக்கம் இவ்வளவு குறைந்தால் குலவை மங்குமே என்று கேட்டால், ஆம், மங்கும். சினிமாவுக்கு ஒரு பங்கு, வில்லுப்பாட்டுக்கு வேறு பங்கு என்று வைத்துக்கொள்வதுதான் வழி.

படம் ஓடுகிறது, சத்தமே இல்லை

இது ஃபைலின் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு. எம்கேவி, எம்பி4 என்பவை பெட்டிகள். உள்ளே ஏசி-3 இருக்கலாம், டிடிஎஸ் என்ற இன்னொரு சரவுண்ட் வகை இருக்கலாம், ஏஏசி இருக்கலாம். பெட்டியின் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் உள்ளே எதுவும் மாறாது. டால்பி டிஜிட்டல் 1992-லும் டிடிஎஸ் 1993-லும் திரையரங்குக்கு வந்தவை. ஆனால் இன்றும் பல டிவிக்கள் டிடிஎஸ்-ஐப் படிப்பதில்லை. படம் வரும், சத்தம் வராது.

விஎல்சி என்ற படம் போடும் மென்பொருளில் படத்தைப் போட்டு டூல்ஸ் மெனுவில் கோடெக் (ஒலி, பட வகை) தகவலைத் திறந்து பார்த்தால் உள்ளே எது என்று தெரிந்துவிடும். டிடிஎஸ் என்றால், படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்துக்கொண்டு ஒலியை மட்டும் ஏசி-3 ஆக மாற்றினால் போதும். முழுப் படத்தையும் மாற்றத் தொடங்கினால் கணினி மணிக்கணக்கில் திணறும். ஒலி மட்டும் என்றால் சில நிமிடங்களில் முடியும். ஏசி-3-க்கு உச்ச பிட்ரேட் விநாடிக்கு 640 கிலோபிட். அதற்கு மேல் கொடுத்துப் பயனில்லை. டிவிடியில் பழக்கமானது 448, அதுவே நன்றாக இருக்கும்.

எம்பி3-யில் 5.1 கேட்டு வருகிறவர்களும் உண்டு. நாம் அன்றாடம் பயன்படுத்தும் எம்பி3 இரண்டு சேனலோடு நின்றுவிடும். ஆறையும் ஒரு எழுத்து குறையாமல் வைத்துக்கொள்ள ஃப்ளாக் நல்லது, அது எட்டுச் சேனல் வரை தாங்கும். அதேபோல இரண்டு சேனல் பாட்டை 5.1 ஆக மாற்றினால் அது சரவுண்ட் ஆகிவிடாது. மென்பொருள் ஊகித்து ஆறு இடத்திலும் பரப்பி வைக்கும், அவ்வளவுதான்.

டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரையும் பார்க்க வேண்டும். ஆப்டிகல் ஒயர் வழியாகச் சுருக்கப்பட்ட ஏசி-3 அல்லது டிடிஎஸ் 5.1 போகும். சுருக்காத ஒலி என்றால் இரண்டு சேனல்தான் போகும். ஆகவே ஏஏசி 5.1 ஃபைலை டிவி தானே விரித்து அனுப்பினால், ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்டீரியோதான் வந்து சேரும். ஃபைல் சரி, மென்பொருள் சரி, ஒயர் மட்டும் குறுகல். எச்டிஎம்ஐ ஒயரில் கணினியை நேரே ஆம்ப்ளிஃபயரில் செருகினால் சுருக்காத எட்டுச் சேனலும் போகும்.

பாதியில் நிற்கும் ஃபைல்

வில்லுப்பாட்டு மாதிரி நீண்ட பதிவுகளுக்கு வருகிற வியாதி இது. வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் அளவை எழுத 32 பிட் இடம்தான் இருக்கிறது. அதில் 4 ஜிபி வரை மட்டுமே எழுத முடியும். கணக்குப் போடுங்கள்: ஆறு சேனல், விநாடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 24 பிட், அதாவது 3 பைட். பெருக்கினால் விநாடிக்கு 8,64,000 பைட். 4 ஜிபி நிறைய 82 நிமிடம் 51 விநாடி போதும். 16 பிட் என்றால் இரண்டு மணி நான்கு நிமிடம். சில பழைய மென்பொருள்கள் 2 ஜிபியிலேயே நின்றுவிடும், அப்போது 41 நிமிடம்.

ஆகவே மாற்றிய ஒலி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், அதுவும் 41 அல்லது 82 நிமிடத்தை ஒட்டி அறுந்துபோனால், டிஸ்க்கையோ கணினியையோ சோதிக்க வேண்டாம். ஆர்எஃப்64, டபிள்யூ64 என்ற பெரிய வேவ் வகைகளுக்கு மாறுங்கள், அல்லது ஃப்ளாக்கில் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் அறுந்தால்தான் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றும்போது மென்பொருள் பெரும்பாலும் தற்காலிக ஃபைல்களை சி டிரைவில் எழுதும். நீங்கள் டி டிரைவில் இடம் வைத்திருந்து பயனில்லை.

உதடும் ஒலியும்

ஒலி முன்பின்னாக வந்தால், படத்தின் தொடக்கத்தில் ஒரு இடமும் கடைசியில் ஒரு இடமும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு விலகல் என்றால், ஒலியைத் தனியே பிரித்தபோது அதன் தொடக்கத் தாமதம் தொலைந்திருக்கிறது. அந்த அளவைத் திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் வேகமே வேறு. விநாடிக்கு 23.976 ஃப்ரேம் ஓடும் பதிப்பின் ஒலியை 25 ஃப்ரேம் ஓடும் பதிப்போடு சேர்த்தால், இரண்டரை மணிப் படத்தில் ஆறு நிமிடம் வித்தியாசம் வரும். தாமதத்தைத் திருத்தி இதைச் சரிசெய்யவே முடியாது. ஒலியின் நீளத்தை மாற்ற வேண்டும்.

மென்பொருள் மறுத்தால்

‘சேனல் லேஅவுட் பொருந்தவில்லை’ என்ற மாதிரிப் பிழை வந்தால் பயப்பட வேண்டாம். கடைசி இரண்டு சேனலுக்குச் சிலர் ‘பின்’ என்று பெயர் வைப்பார்கள், சிலர் ‘பக்கம்’ என்பார்கள். ஏசி-3-ஐ எஃப்எஃப்எம்பெக் விரிக்கும்போது ‘பக்கம்’ என்று குறிக்கும். ஓபஸ் என்ற ஒலி வகையின் என்கோடர் ‘பின்’ என்று இருந்தால்தான் ஏற்கும். ஒலி ஒன்றுதான், சீட்டு மட்டும் வேறு. லேஅவுட்டை வெறுமனே 5.1 என்று மாற்றி எழுதினால் ஏற்றுக்கொள்ளும். விஎல்சி-யின் தகவலில் சேனல் என்ற இடத்தில் 3எஃப்2ஆர் என்றோ 3எஃப்2எம் என்றோ இருப்பதும் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறது.

‘ஃபைல் இல்லை’ என்று பிழை வந்து, ஃபைல் கண் முன்னாலேயே இருந்தால், பெயரைப் பாருங்கள். தமிழில் பெயர் வைப்பது எனக்குப் பிடித்த வழக்கம். ஆனால் விண்டோஸில் ஓடும் பழைய கருவிகள் சில தமிழ் எழுத்தைக் கேள்விக்குறியாகப் படித்துத் தடுமாறும். மாற்றும் வேலை முடியும் வரை எண் மட்டும் வைத்து ஒரு சின்ன ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தபின் தமிழ்ப் பெயரைத் திரும்ப வையுங்கள்.

அந்த வில்லுப்பாட்டை எண் போட்டுத் திரும்பச் சேர்த்தபின் புலவரை வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், குலவை எழுந்ததும் திரும்பிப் பின்னால் பார்த்தார். “எல்லாரும் அவங்கவங்க எடத்துல இருக்காங்கடே” என்றார்.

மூல ஃபைல் ஆறையும் நான் அழிக்கவில்லை. ஏசி-3, ஏஏசி இரண்டுமே மாற்றும்போது ஒலியில் கொஞ்சத்தை எறிந்துவிடுபவை. அடுத்த தடவை மாற்ற வேண்டி வந்தால் மூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், மாற்றியதை மறுபடி மாற்றக் கூடாது. அதே ஃபோல்டரில் ஒரு சின்ன எழுத்துக் குறிப்பும் வைத்திருக்கிறேன்: 1 இடது, புலவருக்கு வலப்பக்கம். 2 வலது, உடுக்கை. 3 நடு, புலவர். 4 குடம், 120-க்குக் கீழ். 5, 6 கூட்டம், குலவை. 48,000, 24 பிட். கொடை, செவ்வாய் இரவு.